பிளக் மாற்றியும் தீராத மிஸ்ஸிங்: இரண்டாம் சிலிண்டர் பற்றிய நிகழ்வு ஆய்வு

வண்டியும் புகாரும்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி, சேலத்தில் வசிக்கும் என் தங்கையின் குடும்பம் பயன்படுத்தும் 2016ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் கார். 1.2 லிட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட, டர்போ இல்லாத சாதாரண இன்ஜின். ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் மேலே பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் தனித்தனி இக்னிஷன் காயில் நேரடியாகச் செருகப்பட்டிருக்கும் அமைப்பு. வண்டி 68,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. பள்ளி, கடைவீதி, கோயில் என்று பெரும்பாலும் ஊருக்குள்ளேயே ஓடும் இந்த வண்டி, விடுமுறை நாட்களில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏற்காடு போய்வரும்.

புகாரில் மூன்று அறிகுறிகள் இருந்தன. காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது ஐட்லிங் சீராக இல்லாமல் வண்டி நடுங்கும். இன்ஜின் சூடேறியதும் அந்த நடுக்கம் அடங்கிவிடும். சமதரையில் நிதானமாக ஓட்டினால் எந்தக் குறையும் தெரியாது. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதேனும் ஒன்றைத் திரும்பி, இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி குலுங்கி, இழுவை குறைந்து, டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னும். "மலை ஏறும்போது மட்டும் யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு மச்சான்" என்று தங்கையின் கணவர் சொன்னார். அறிகுறியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. கோளாறு பளுவோடு சேர்ந்து வருகிறது என்ற முக்கியமான செய்தி அந்த ஒரு வாக்கியத்திலேயே அடங்கியிருந்தது.

இந்த வண்டிக்கு ஒரு முன்கதையும் உண்டு. சில மாதங்களுக்கு முன் இதே புகாருக்காக ஒரு பட்டறையில் நான்கு பிளக்குகளையும் புதிதாக மாற்றியிருந்தார்கள். சில வாரங்கள் வண்டி நன்றாக ஓடியது. பிறகு அதே குலுக்கல், அதே மலைப்பாதையில் திரும்பி வந்தது. அடுத்த கட்டமாக நான்கு காயில்களையும் மாற்றிவிடலாம், அதற்கும் சரியாகவில்லை என்றால் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து பார்க்கலாம் என்பது பட்டறையின் யோசனை. ஒன்று சரியில்லை என்றால் அடுத்தது என்று உதிரிபாகங்களை வரிசையாக மாற்றிக்கொண்டே போகும் இந்த முறையில், என்றாவது ஒருநாள் கோளாறு தீர்ந்துவிடக்கூடும்; ஆனால் எதனால் தீர்ந்தது என்பது வண்டிக்காரருக்கும் தெரியாது, மெக்கானிக்குக்கும் தெரியாது. புதிய பிளக் போட்டதும் சில வாரங்கள் ஏன் சரியாக ஓடியது, பிறகு ஏன் கெட்டது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் எதையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் இந்தச் சோதனையைத் தொடங்கினோம்.

விளக்கும் கோடும்

இன்ஜின் விளக்கு தொடர்ந்து எரிவதும் விட்டுவிட்டு மின்னுவதும் ஒன்றல்ல. தொடர்ந்து எரிந்தால், கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு கோளாறைப் பதிவு செய்திருக்கிறது, வசதிப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பெரும்பாலும் பொருள் கொள்ளலாம். மின்னினால், அந்த நேரத்தில் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தவறுவது, பேச்சுவழக்கில் மிஸ்ஸிங்) நடந்துகொண்டிருக்கிறது என்றும், எரியாத பெட்ரோல் சைலன்சர் வரிசையில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்றும் பொருள். பிளக்கை விடப் பல மடங்கு விலையுள்ள பாகம் அது. ஆகவே விளக்கு மின்னினால் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, பளுவைக் குறைத்து ஓட்டுவதே முறை. மலையை எப்படியாவது ஏறி முடித்துவிடலாம் என்று அழுத்திக்கொண்டே போவது நட்டத்தில் முடியும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சோதனை இணைப்பில் ஒரு சாதாரண புளூடூத் ஓபிடி (வண்டியின் கணினி பதிவு செய்த கோளாறுகளைப் படிக்கும்) கருவியைச் செருகி, கைபேசியில் கோடு (code), அதாவது கோளாறுக் குறியீடு, படித்தோம். 2013 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்பனையான கார்களுக்கு ஓபிடி இரண்டாம் கட்டம் கட்டாயம் என்பதால், அதற்குப் பிந்தைய எந்தப் பெட்ரோல் காரிலும் இந்த வசதி இருக்கும். கிடைத்த கோடு பி0302. இந்த வரிசையில் பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று உறுதியாகச் சொல்ல முடியாதபடி மாறி மாறி வரும் மிஸ்ஃபயர்; பி0301 முதல் பி0304 வரை உள்ளவற்றின் கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கும். சிலிண்டர் எண் பொதுவாக டைமிங் செயின் உள்ள பக்கத்திலிருந்து தொடங்கும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு ஒவ்வொரு எரிப்புக்கும் சற்றே வேகம் கூடிச் சுழல வேண்டும். எந்தச் சிலிண்டரின் முறையில் அந்த வேகம் கூடாமல் தளர்கிறதோ, அதைக் கிராங்க் சென்சார் வழியாகக் கண்டுபிடித்துத்தான் கணினி இந்த எண்ணைச் சொல்கிறது. அதாவது, இரண்டாம் சிலிண்டரில் வெடிப்பு நடக்கவில்லை என்பதை மட்டுமே கோடு சொல்கிறது. ஏன் நடக்கவில்லை என்று அது சொல்வதில்லை, பிளக் கெட்டது என்று நிச்சயமாகச் சொல்வதில்லை.

இப்போதெல்லாம் வண்டியில் எது வந்தாலும் எத்தனால் கலந்த பெட்ரோலின் தலையில் பழியைப் போடுவது வழக்கமாகிவிட்டது. இந்த வண்டிக்கும் அக்கம்பக்கத்தில் அந்தத் தீர்ப்பு வழங்கப்பட்டிருந்தது. ஒரே டேங்க், ஒரே பெட்ரோல் நான்கு சிலிண்டருக்கும் போகிறது. எரிபொருள்தான் காரணம் என்றால் நான்கிலும் ஏதோ ஒரு அளவில் தடுமாற்றம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கோளாறு நிலையாக நிற்கும்போது, அந்தச் சிலிண்டருக்கு மட்டும் சொந்தமானவற்றைத்தான் பார்க்க வேண்டும்: அதன் பிளக், காயில், இன்ஜெக்டர், வால்வு, பிஸ்டன் வளையம்.

பளு ஏறும்போது மட்டும் குலுக்கல் வந்ததால், அந்தப் பட்டியலில் மின்சாரப் பக்கத்தை முதலில் பார்ப்பது பொருத்தமாக இருந்தது. சமதரையில் ஆக்சிலரேட்டர் சற்றே திறந்திருக்கும் நிலையில் சிலிண்டருக்குள் வரும் காற்று-பெட்ரோல் கலவை அடர்த்தி குறைந்தது; பத்தாயிரம் வோல்ட் அளவிலேயே பொறி பிளக் முனையின் இடைவெளியைத் தாண்டிவிடும். மலை ஏறும்போது ஆக்சிலரேட்டர் நன்றாகத் திறந்து, கலவை அதிகமாக உள்ளே வந்து இறுக அழுத்தப்படுகிறது. அந்த அடர்த்தியில் அதே இடைவெளியைத் தாண்ட இரு மடங்கோ அதற்கு மேலோ மின்னழுத்தம் தேவைப்படும். அப்போது வழியில் எங்கேனும் மின்காப்பு பலவீனமாக இருந்தால், மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் அந்தச் சுலபமான வழியில் இன்ஜின் உடலுக்கு இறங்கிவிடும். சமதரையில் மறைந்திருந்து ஏற்றத்தில் வெளிப்படும் கோளாறுக்கு இதுவே பெரும்பாலும் விளக்கம்.

காயிலைக் கழற்றியபோது

இரவு முழுவதும் நின்று ஆறிய வண்டியில்தான் வேலையைத் தொடங்கினோம். சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரை போய்விடும் ஆபத்து உண்டு. சாவியை எடுத்துவிட்டு, மேல்மூடியைக் கழற்றினால் நான்கு காயில்களும் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றையும் ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட் பிடித்திருக்கிறது. ஒயர் கனெக்டரின் பிளாஸ்டிக் பூட்டு வெப்பத்தில் வருடக்கணக்காக வெந்து நொறுங்கும் பதத்தில் இருக்கும் என்பதால், அதை நெம்பாமல் விரலால் அழுத்தி மெல்ல இழுக்க வேண்டும். நான்கு காயில்களுக்கும் வெள்ளைப் பெயின்ட்டால் எண் எழுதிக்கொண்டோம். இந்தச் சிறிய வேலையைச் செய்யாவிட்டால் பிறகு செய்யும் எந்தச் சோதனைக்கும் பொருள் இல்லை.

முதல் காயிலும் நான்காம் காயிலும் உலர்ந்தே வந்தன. மூன்றாவதன் ரப்பர் பூட்டின் (boot; காயிலிலிருந்து இறங்கிப் பிளக்கைக் கவ்வும் உறை) அடி ஓரத்தில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. இரண்டாம் காயிலை மேலே இழுத்தபோது, வழக்கமாக ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்க வேண்டிய ரப்பர் வழுக்கிக்கொண்டு வந்தது. பூட்டின் கீழ்ப் பாதி முழுவதும் கருத்த இன்ஜின் ஆயிலில் ஊறி, விரலால் அழுத்தினால் அமுங்கும் அளவுக்கு மென்மையாகி, மற்றவற்றைவிடச் சற்றுப் பருத்தும் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் ஆயில் தேங்கி, பிளக்கின் அறுகோணப் பகுதி அதில் மூழ்கியிருந்தது.

பிளக் குழி என்பது சிலிண்டர் ஹெட்டை மேலே மூடும் டேப்பெட் கவரைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும் ஒரு குழாய். கவருக்குள்ளே கேம் தண்டின் மேல் ஆயில் தெறித்துக்கொண்டே இருக்கும். அந்த ஆயில் குழிக்குள் வராமல் தடுப்பது ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் உள்ள ஒரு ரப்பர் வளையம். வருடங்கள் போகப்போக அந்த ரப்பர் இறுகி வெடித்தால், ஆயில் சொட்டுச் சொட்டாகக் குழிக்குள் இறங்கும். வெளியே தரையில் ஒரு சொட்டும் விழாது. டிப்ஸ்டிக்கில் குறைவதும் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்காது. ஆகவே காயிலைக் கழற்றிப் பார்க்காதவரை இந்தக் கசிவு யாருக்கும் தெரிய வராது. பிளக் மாற்றியவர் காயிலைக் கழற்றாமல் மாற்றியிருக்க முடியாது. அப்போது குழி ஈரமாக இருந்ததா என்பதற்கு எழுத்துப் பதிவு எதுவும் இல்லை.

ஆயிலைக் கண்டவுடன் ஆய்வு முடிந்துவிடவில்லை. சுத்தமான இன்ஜின் ஆயில் மின்சாரத்தைக் கடத்தாது. ஆயில் இருக்கிறது, ஆகவே பொறி கசிகிறது என்று நேராக முடிவுகட்ட இயலாது. ஆயிலில் ஊறிய ரப்பர் உப்பி, பிளக்கின் வெள்ளைப் பீங்கானைக் கவ்விப் பிடிக்கும் இறுக்கத்தை இழப்பதும், அந்த இடைவெளியில் தூசியும் கரித்துகளும் சேர்வதும்தான் வழி திறந்துவிடுகின்றன. இரண்டாம் சிலிண்டரில் அது உண்மையில் நடந்திருக்கிறதா என்பதை உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

முதலில் குழியைக் காயவைத்தோம். ஆயில் நிற்கும்போதே பிளக்கைக் கழற்றினால் அது மொத்தமாகச் சிலிண்டருக்குள் இறங்கும். சிறிதளவு என்றால் நீலப்புகையோடு போய்விடும், கூடவே மணலும் இருந்தால் உள்சுவரைக் கீறும். மருந்துக்கடையில் வாங்கிய பெரிய சிரிஞ்சின் முனையில் ஒரு மெல்லிய ரப்பர் குழாயைச் செருகி ஆயிலை உறிஞ்சி எடுத்து, நீண்ட ஸ்குரூடிரைவரில் பழைய பருத்தித் துணியைச் சுற்றி மிச்சத்தைத் துடைத்தோம். பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ குழிக்குள் ஊற்றிக் கழுவும் பழக்கம் சிலரிடம் உண்டு, அது கூடாது.

இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை

வீட்டிலேயே, ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்யக்கூடிய மிக நல்ல சோதனை இதுதான். பிளக்குகளைத் தொடாமல், இரண்டாம் காயிலை நான்காம் இடத்திலும் நான்காம் காயிலை இரண்டாம் இடத்திலும் மாட்டி, கோடை அழித்துவிட்டு, அதே பளுவில் வண்டியை ஓட்ட வேண்டும். மூன்றாவதன் பூட்டும் பிசுக்காக இருந்ததால் அதைத் தவிர்த்து, குழி உலர்ந்திருந்த நான்காவதைத் தேர்ந்தெடுத்தோம். கோளாறு காயிலோடு நகர்ந்தால் கோடு பி0304 ஆக வரும். நகராமல் நின்றால் பி0302 ஆகவே வரும், அப்போது பிளக்கையோ இன்ஜெக்டரையோ சந்தேகிக்கலாம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மனதில் வைத்து, ஏற்காட்டு ஏற்றத்தின் முதல் சில வளைவுகளோடு திரும்பிவிட்டோம்.

வந்தது இரண்டு கோடு: பி0302, பி0304 இரண்டும்.

பாடப்புத்தக முறைப்படி இந்தச் சோதனைக்கு ஒரு விடைதான் வர வேண்டும் என்பதால், இங்கே பலர் குழம்பி, கருவி சரியில்லை என்றோ கணினியில் கோளாறு என்றோ போய்விடுவார்கள். ஆனால் இரண்டு கோடும் உண்மையைத்தான் சொல்லின. இதுவரை ஒரு முறைகூட மிஸ்ஃபயர் காட்டாத நான்காம் சிலிண்டர், இரண்டாம் காயிலை வாங்கிக்கொண்டதும் காட்டியது. ஆகவே அந்தக் காயிலில், அல்லது அதன் பூட்டில், குறை இருக்கிறது. நல்ல காயிலை வாங்கிக்கொண்ட பிறகும் இரண்டாம் சிலிண்டர் மிஸ்ஃபயர் காட்டியது; ஆகவே அங்கேயே நின்றுவிட்ட ஏதோ ஒன்றிலும் குறை இருக்கிறது. ஒரே கோளாறு இரண்டு பாகங்களில் தடம் பதித்திருந்தால் மட்டுமே இது பொருந்தும்.

பழைய வண்டிகளில் செய்ததைப் போல, பிளக்கைக் கழற்றி இன்ஜின் உடலில் சாய்த்துவைத்து, செல்ப் அடித்துப் பொறி வருகிறதா என்று பார்க்கும் முறையை இந்த வண்டியில் வேண்டுமென்றே தவிர்த்தோம். திறந்த காற்றில் பொறி வருவது, அழுத்தத்துக்குள்ளும் வரும் என்பதற்குச் சான்றாகாது. நம் கோளாறோ அழுத்தத்தில் மட்டும் வருவது. அதோடு, பிளக் துளை வழியே பெட்ரோல் ஆவி வெளியேறும் இடத்தில் பொறி அடிப்பதும், இன்றைய காயில்களின் மின்னழுத்தம் கையில் பட வாய்ப்பளிப்பதும் தேவையற்ற ஆபத்துகள்.

பிளக்குகளைப் படித்தல்

குழிகளைச் சைக்கிள் பம்ப்பால் ஊதித் தூசி நீக்கிவிட்டு, உள்ளே ரப்பர் பிடிப்பு உள்ள 16 மில்லிமீட்டர் பிளக் பாக்ஸ், நீளமான எக்ஸ்டென்ஷன் ராடு, ராட்செட் ஆகியவற்றால் நான்கையும் கழற்றி, வந்த வரிசையிலேயே ஓர் அட்டையில் குத்திவைத்தோம். பெட்டியில் அச்சிட்ட எண்ணும் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணும் ஒன்றாகவே இருந்தன. பட்டறையார் சரியான பிளக்கைத்தான் போட்டிருந்தார். இதைச் சரிபார்ப்பது முக்கியம், ஏனென்றால் எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் பிளக்கின் வெப்பத் தன்மை மாறிவிடும். எடுத்துக்காட்டாக என்ஜிகே நிறுவனத்தின் பிகேஆர்6இ-11 என்ற எண்ணில் 6 என்பது வெப்ப நிலையையும், 11 என்பது 1.1 மில்லிமீட்டர் இடைவெளியையும், ஆர் என்பது உள்ளே மின்தடை இருப்பதையும் குறிக்கும். என்ஜிகே, டென்சோ எண்களில் வெப்ப இலக்கம் கூடக்கூட பிளக் குளிர்ந்த வகை, அதாவது வெப்பத்தை விரைவாக ஹெட்டுக்கு இறக்கிவிடும் வகை. பாஷ் எண்களில் அது நேர்மாறு. ஒரு நிறுவனத்துக்கு மாற்றாக இன்னொன்றைக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும்போது, இலக்கத்தை ஒப்பிடாமல் பொருத்தப் பட்டியலைப் பார்க்கச் சொல்வது நல்லது.

முதல் பிளக்கின் முனைப் பீங்கான் இளம் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில் இருந்தது. ஆரோக்கியமான எரிப்பின் நிறம் அதுவே. பிளக் முனை ஏறக்குறைய 450 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் தன்மீது படியும் கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். 850 டிகிரியைத் தாண்டிப் போனால் பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றும் அபாயம் வரும். அந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே வேலை செய்த பிளக் இந்த நிறத்தில் இருக்கும். ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் வண்டிகளில் முனை உலர்ந்த கரியாகக் கறுத்திருப்பது, பெரும்பாலும் அந்தக் கீழ் எல்லையைத் தொடாததால்தான்.

மூன்றாவதும் அவ்வாறே. நான்காவதைக் கழற்றுவதற்குக் கையில் அழுத்தமே தேவைப்படவில்லை. அதன் மடிப்பு வாஷர் சரியாக நசுங்காமல் ஏறக்குறையப் புதிதாகவே இருந்தது, முனையும் மற்றவற்றைவிட வெளிறியிருந்தது. பிளக்கின் வெப்பத்தில் பெரும்பகுதி மரை வழியாகவும் அந்த வாஷர் வழியாகவும்தான் சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்குகிறது. முழுதாக இறுக்கப்படாத பிளக் அந்த வழியை இழந்து அதிகம் சூடேறும். இது நம் புகாருக்குக் காரணம் அல்ல. ஆனால் இப்படியே விட்டிருந்தால் சில ஆயிரம் கிலோமீட்டரில் வேறொரு புகாராக வந்திருக்கும்.

இரண்டாம் பிளக்கின் முனை லேசாகக் கறுத்து, பெட்ரோல் வாசனையோடு இருந்தது. ஆனால் எண்ணெய்ப் பசை இல்லை. இந்த வேறுபாட்டைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஆயில் முனையில் இருந்தால் அது சிலிண்டருக்குள்ளிருந்து வருவது. பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும், பெரிய வேலை. ஆயில் மரைக்கு மேலே வெளிப்புறத்தில் மட்டும் இருந்தால் அது மேலே டேப்பெட் கவரிலிருந்து வருவது. ஒரு பேக்கிங் மாற்றினால் தீர்ந்துவிடும். பிளக்கைக் கழற்றிய கையோடு துடைத்துவிடுகிறவர் இந்தச் சான்றைத் தானே அழித்துவிடுகிறார்.

இடைவெளியைக் கம்பி கேஜால் அளந்தோம், நான்கிலும் 1.1 மில்லிமீட்டருக்கு அருகிலேயே இருந்தது. மல்டிமீட்டரில் இரண்டாம் பிளக்கின் மேல்முனைக்கும் நடு மின்முனைக்கும் இடையே ஏறக்குறைய 5 கிலோ ஓம் காட்டியது. ரெசிஸ்டர் பிளக்குக்கு அது சரியான அளவு. முனை, இடைவெளி, மின்தடை ஆகிய மூன்றிலும் தேறிய ஒரு பிளக்கை யாரும் நல்லது என்றுதான் சொல்வார்கள்.

அதன் வெள்ளைப் பீங்கானை ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் திருப்பிப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. மேலே உள்ள உலோகக் குமிழிலிருந்து தொடங்கி, பீங்கானின் வரிவரியான பள்ளங்களைக் குறுக்காகக் கடந்து, கீழே அறுகோண உலோகத்தைத் தொடும் வரை பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய கருங்கோடு ஒன்று இருந்தது. நகத்தால் சுரண்டியும் போகவில்லை. இரண்டாம் காயிலின் ரப்பர் பூட்டைத் திருப்பி உள்ளே டார்ச் அடித்தால், அதே உயரத்தில் உள்சுவரில் அதற்கு இணையான ஒரு சாம்பல் நிறத் தடம். மின்சாரம் முனைக்குப் போகாமல் பீங்கானின் வெளிப்புறம் வழியாக உடலுக்கு இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அது சுட்டுவிட்டுப் போன கரி, அடுத்த முறை இறங்குவதை இன்னும் சுலபமாக்கியிருக்கிறது. பீங்கானில் உள்ள அந்த வரிகள் இருப்பதே இந்த மேற்பரப்புப் பாதையை நீளமாக்கி இதைத் தடுப்பதற்காகத்தான்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு கறை உண்டு. பீங்கான் உலோகத்தோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, சுற்றிலும் வளையமாகப் படியும் பழுப்பு நிறம், உயர் மின்னழுத்தத்தைச் சுற்றி மிதக்கும் எண்ணெய்த் துகள்கள் ஈர்க்கப்பட்டு ஒட்டுவதால் வருவது. கேஸ் கசிகிறது என்று பயமுறுத்தி, அதற்காகவே பிளக் மாற்றும் வழக்கம் இருந்தாலும், அது தீங்கற்றது. கிடைமட்ட வளையம் தீங்கில்லை, செங்குத்துக் கோடு தீங்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பட்டறையில் பிளக் மாற்றியும் ஏன் சில வாரங்களே தாங்கியது என்பதற்கு இங்கே விடை கிடைத்துவிட்டது. பழைய பிளக்கிலும் இதே கருங்கோடு இருந்திருக்க வேண்டும். அது போனதும் பாதையின் ஒரு பாதி போனது, வண்டி ஓடியது. மறு பாதி, ஆயிலில் ஊறிய பூட்டுக்குள் அப்படியே இருந்தது. குழிக்குள் ஆயிலும் இறங்கிக்கொண்டே இருந்தது. சில வாரங்களில் புதிய பீங்கானிலும் கோடு விழுந்துவிட்டது. காயில்களை மட்டும் மாற்றியிருந்தால் இதே கதை தலைகீழாக நடந்திருக்கும்: பழைய பிளக்கின் கோடு புதிய பூட்டைச் சுட்டிருக்கும். நான்காம் பிளக்கின் பீங்கானில்கூட, அந்தச் சோதனை ஓட்டத்திலேயே, கோட்டின் தொடக்கம் போன்ற ஒரு நிழல் விழுந்திருந்தது.

செய்த வேலை

வரிசை முக்கியம் என்பதால் முதலில் கசிவை நிறுத்தினோம். டேப்பெட் கவர் பேக்கிங்கோடு பிளக் குழாய் வளையங்களும் சேர்த்தே இந்த இன்ஜினுக்குக் கிடைக்கின்றன. சில இன்ஜின்களில் வளையங்கள் கவரோடு சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும், அவற்றுக்குக் கவரையே மாற்ற வேண்டும். கவரைத் திறப்பதற்கு முன் கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்தோம். அது அடைத்துக்கொண்டிருந்தால் உள்ளே அழுத்தம் சேர்ந்து, புதிய பேக்கிங்கையும் ஆயில் தள்ளிக்கொண்டு வந்துவிடும். அது நன்றாகவே இருந்தது. கவர் வேலையைத் தெருக்கோடியில் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தோம். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சமமாக இறுக்க வேண்டிய வேலை அது. பழக்கமில்லாதவர் வீட்டில் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கழற்றி வந்த பழைய வளையங்களில் இரண்டாவது, விரலால் வளைத்தபோது ரப்பராக வளையாமல் பிளாஸ்டிக்காக ஒடிந்தது.

இந்த வண்டியின் காயிலுக்கு ரப்பர் பூட்டும் அதன் உள்ளே உள்ள ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைத்தன. ஆகவே காயில்களை வைத்துக்கொண்டு நான்கு பூட்டுகளையும் மாற்றினோம். இரண்டாம், நான்காம் பிளக்குகளுக்குப் பதிலாக அதே எண்ணில் புதிய நிக்கல் பிளக்குகள் வந்தன. முதலாவதும் மூன்றாவதும் சில மாதங்களே ஓடியவை. பீங்கானும் முனையும் சுத்தமாக இருந்ததால் அவற்றையே திரும்பப் போட்டோம். நிக்கல் பிளக்கின் ஆயுள் பொதுவாக 20,000 முதல் 40,000 கிலோமீட்டர். இரிடியம், பிளாட்டினம் வகைகள் 80,000 கிலோமீட்டருக்கு மேலும் ஓடும். இரிடியம் முனை அரை மில்லிமீட்டர் அளவே தடிமன் கொண்டது. அதில் கேஜை நுழைத்து நெம்புவதோ கம்பி பிரஷ் போடுவதோ முனையை உடைப்பதற்குச் சமம். நிக்கலாக இருந்தாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். அது முனையின் கூரிய விளிம்பை மழுக்கி, பொறி தாண்டுவதைக் கடினமாக்கும்.

பிளக்கைத் திரும்பப் பொருத்தும்போது ராட்செட்டை விலக்கிவிட்டு, பாக்ஸையும் ராடையும் மட்டும் விரல்களால் பிடித்துத் திருக வேண்டும். மரை சரியாகப் பிடித்திருந்தால் கடைசி வரை விரலிலேயே இறங்கும். நடுவில் இறுகினால் மரை குறுக்கே ஏறுகிறது என்று பொருள், உடனே திருப்பிவிட வேண்டும். வாஷர் உட்கார்ந்த பிறகு, புதிய பிளக்கை அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரையும், ஏற்கெனவே வாஷர் நசுங்கிய பழைய பிளக்கைப் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்று மட்டும் திருப்ப வேண்டும். டார்க் ரென்ச் இருந்தால், 14 மில்லிமீட்டர் மரையும் வாஷரும் உள்ள பிளக்குக்கு அலுமினியம் ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 12 மில்லிமீட்டர் மரைக்கு 15 முதல் 20 போதும். மரையில் கிரீஸோ ஆயிலோ தடவினால் அதே அளவு இறுக்கத்தில் பிளக் கூடுதலாக உள்ளே போய் மரை இழுபடும். முலாம் பூசிய இன்றைய பிளக்குகளுக்கு அது தேவையும் இல்லை. பூட்டின் உள்வாயில் மட்டும் மின்காப்பு சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகப் பூசினோம்.

பின்தொடர் நோக்கு

வேலை முடிந்த வாரத்திலேயே, ஐந்து பேரோடும் ஏசியோடும் ஏற்காடு உச்சி வரை வண்டி ஏறியது. விளக்கு மின்னவில்லை, கோடு எதுவும் பதிவாகவில்லை, காலை நேர நடுக்கமும் நின்றுவிட்டது. காலையில் மட்டும் வந்த அந்த நடுக்கத்துக்கும் காரணம் இதேதான் என்று கருதுகிறேன். குளிர்ந்த இன்ஜினில் பொறிக்குத் தேவைப்படும் மின்னழுத்தம் கூடுதல். இரவில் குழிக்குள் படியும் ஈரமும் கரித்தடத்துக்கு உதவும். இன்ஜின் சூடேறி ஈரம் காய்ந்ததும் குறை மறைந்துவிடும்.

சில வாரங்கள் கழித்து இரண்டாம், மூன்றாம் காயில்களை மட்டும் மீண்டும் கழற்றிப் பார்த்தோம். குழிகள் உலர்ந்திருந்தன, பூட்டின் பிடி இறுக்கமாக இருந்தது, பீங்கானில் தடம் ஏதும் இல்லை. இனி ஏர் பில்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் நான்கு காயில்களையும் தூக்கிக் குழியைப் பார்த்துவிடுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிளக்கைக் கழற்றத் தேவையில்லாத, ஒரு ஸ்பேனரும் டார்ச்சும் மட்டும் போதுமான வேலை அது.

தீர்க்கப்படாமல் இருப்பது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் நிலைதான். மாதக்கணக்கில் எரியாத பெட்ரோல் அதற்குள் போயிருக்கிறது. அதன் திறன் குறைந்திருந்தால் பி0420 என்ற கோடு வர வேண்டும், இதுவரை வரவில்லை. பின்பக்க ஆக்சிஜன் சென்சாரின் அளவீடு, சூடான இன்ஜினில் நிலையான வேகத்தில் ஓடும்போது, முன்பக்க சென்சாரைப் போல ஏறி இறங்காமல் ஓரளவு நிலையாகவே நிற்கிறது. இது நல்ல அறிகுறி. அடுத்த புகைச் சான்றிதழ் எடுக்கும்போது கிடைக்கும் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் அளவுகளை முந்தைய சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம்.